ஒரு தலைமையாசிரியரை நினைவுகூர்ந்த விதம்: படத்திறப்பு முதல் இரண்டாம் ஆண்டு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவின் நோக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, அதன் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஊரின் பொதுக் காரியங்களில் முன்னின்ற ஒருவர் மறைந்தார். அவரை எப்படி நினைவுகூர்வது என்று முடிவெடுக்கக் கூடிய குழுவில் நானும் ஒருவன். எங்கள் முடிவுகளில் சில சரியாக அமைந்தன, சில பிழையாயின, ஒரு பிழை ஒரு குடும்பத்தைக் காயப்படுத்தியது. இதே போன்ற பொறுப்பு வேறு ஊர்களிலும் பலருக்கு வந்து சேரும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். ஊர், பள்ளி, மனிதர்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை. மறைந்தவரை 'சார்' என்றே குறிப்பிடுகிறேன். ஊரில் மூன்று தலைமுறையினர் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

பின்னணி

சார் 1940-களின் நடுவில் பிறந்தவர். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது அவர் சிறு குழந்தை. காமராசர் ஆட்சியில் 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அந்தச் சோற்றை நம்பிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் ஒருவர். அவர் வீட்டில் முதலில் படித்தவர் அவர்தான். கணித ஆசிரியராகச் சேர்ந்து, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார்.

எங்கள் பகுதி செம்மண் புஞ்சை. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிற்பதற்கு அன்று பல காரணங்கள் இருந்தன. கடனுக்கு ஈடாகச் சிறுவர்களைத் தஞ்சாவூர்ப் பக்கம் கிடை ஆடு மேய்க்க விடுவது அவற்றுள் கொடியது. பெண் பிள்ளைகள் பெரியவளானதும் வீட்டோடு நிறுத்தப்படுவது எல்லாத் தெருக்களிலும் இருந்தது. சார் மாலை வேளைகளில் மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று, வராத பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார் என்பது ஊரறிந்த செய்தி. அவர் என்ன பேசினார், யாரிடம் பேசினார் என்பது மட்டும் அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எங்கள் ஊராட்சியின் இரவு வகுப்புகளை அவர் பொறுப்பேற்று நடத்தினார். கல் உடைக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றார்கள். மாவட்டம் முழுவதும் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்ததும் அப்போதுதான். எங்கள் ஊரில் பெண்களுக்கு மிதிவண்டி பழகிக் கொடுத்த இடம் பள்ளி மைதானம். பழகிய வண்டி சாருடையது.

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நிவாரணப் பொருள்களுடன் வெளியூர்களிலிருந்து வந்த வண்டிகள் பெரும்பாலும் பெரிய சாலையிலேயே நின்று, கண்ணில் பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பின. அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த சார், நான்கு இளைஞர்களை அழைத்துக்கொண்டு வீட்டு வாரியாகப் பட்டியல் எழுதினார். பட்டியல் காலனித் தெருவிலிருந்து தொடங்கியது. ஏன் என்று கேட்டவர்களிடம், வண்டி கடைசியாகப் போகிற இடத்திலிருந்து எழுதத் தொடங்குவதுதான் கணக்கு என்று சொன்னாராம்.

முதல் மூன்று நாள்கள்

சார் மறைந்த செய்தி அதிகாலையில் முன்னாள் மாணவர்களின் வாட்ஸப் குழுவில் வந்தது. சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடந்த மாணவர்களை ஒரே நாளில் ஒருங்கிணைத்தது அந்தக் குழுதான். பின்னால் நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேரும் அந்தக் குழுதான் என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

அன்று மாலைக்குள் பேருந்து நிறுத்தத்தில் மூன்று வகைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று முன்னாள் மாணவர்களுடையது. மற்றொன்று ஆசிரியர் சங்கத்தினுடையது. மூன்றாவது ஒரு சாதிச் சங்கத்தினுடையது. அதில் சாரின் பெயருக்குப் பின்னால், அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத சாதிப் பட்டம் அச்சிடப்பட்டிருந்தது. அடக்கத்திற்கு வந்த சிலர் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றதை நான் நேரில் கண்டேன்.

குழுவில் இரண்டு கருத்துகள் எழுந்தன. துக்க வீட்டில் சச்சரவு வேண்டாம், சுவரொட்டி மழையில் தானே கிழிந்துவிடும் என்றனர் ஒரு சாரார். அவர் பெயரை இன்று விட்டுக்கொடுத்தால் நாளை சிலைக்கு மாலை போடும் உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுத்தவர்களாவோம் என்றனர் மற்றவர்கள். முடிவை நாங்கள் எடுக்கவில்லை. சாரின் மகள், அவரும் ஓர் ஆசிரியை, சங்கத்தின் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் நேரே சென்று பேசினார்: "பெரியப்பா, அப்பா தன் பேரை இப்படி எழுதுனதே இல்லை. நீங்க எழுதினா அது வேற ஒருத்தருக்கு அஞ்சலி." மறுநாள் காலையில் அந்தச் சுவரொட்டிகள் இல்லை. யார் கிழித்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. குடும்பத்தின் உரிமையோடு ஒருவர் பேசியதால் கைகலப்பாக மாறியிருக்கக்கூடிய ஒன்று நான்கு நிமிடத்தில் முடிந்தது. குழு பேசியிருந்தால் முடிந்திருக்காது என்பது என் துணிபு.

ஃபிளெக்ஸ் பதாகை வைப்பதில்லை என்பதையும் அன்றே தீர்மானித்தோம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பதாகை சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த செய்தியை அறிந்த எவருக்கும் இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

பதினாறாம் நாள் படத்திறப்பு

படத்திறப்பைக் கோயிலை ஒட்டிய திருமண மண்டபத்தில் நடத்தினோம். மின்விசிறி, நாற்காலி, சமையற்கூடம் எல்லாம் அங்கே இருந்தன. வேறு காரணம் எதையும் நாங்கள் யோசிக்கவில்லை. மேடையில் பதினான்கு பேர் அமர்ந்தனர். பேச அழைக்கப்பட்டவர்களில் ஒரு மருத்துவர், இரண்டு பொறியாளர்கள், ஒரு வட்டாட்சியர், ஒரு தொழிலதிபர், மூன்று ஆசிரியர்கள் இருந்தனர். பெண் ஒருவர்கூட இல்லை. நிகழ்ச்சி மூன்றரை மணி நேரம் நீண்டது. அனைவரும் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொன்னார்கள்: தான் படிப்பை விட்டுவிட இருந்ததாகவும், சார் வீடு தேடி வந்து அழைத்துப் போனதாகவும், அதனால்தான் இன்று இந்த நிலையில் இருப்பதாகவும். சார் தேடிப்போன பிள்ளை எதுவும் திரும்பாமல் இருந்ததில்லை என்றும் ஒருவர் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

அறிவொளி வகுப்பில் படித்த பெண்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தனர். பின்வரிசைகளில் அமர்ந்திருந்த அவர்களில் பாதிப் பேர், பேச்சு முடியும் முன்னரே கடைசிப் பேருந்துக்காக எழுந்து போய்விட்டனர். காலனித் தெருவிலிருந்து மிகச் சிலரே வந்தனர். வந்தவர்களும் மண்டப வாசலில் நின்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினர்.

நிகழ்ச்சி முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. "பள்ளிக்கூடத்துல படிச்சவங்க மட்டும்தான் பேசணுமா தம்பி? நாங்கள்லாம் அவருகிட்டப் படிக்கலையா? எழுதிக்கிட்டு வந்தேன்" என்றார். பென்சிலால் எழுதிய ஏழெட்டு வரிகள். படித்துக் காட்டச் சொன்னேன். பந்தி இலைகளை எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றபடி படித்தார். நான் ஒருவன் கேட்டேன்.

கவனித்தவையும் அவற்றின் காரணமும்

ஒரு வாரம் கழித்துக் குழு கூடியபோது, நிகழ்ச்சி நன்றாக நடந்ததாகவே பலர் கருதினர். அந்த அம்மாவின் தாளை நான் படித்துக் காட்டிய பிறகுதான் பேச்சு திசை மாறியது. பேச்சாளர்களை எப்படித் தேர்ந்தோம் என்று திரும்பிப் பார்த்தோம். வாட்ஸப் குழுவில் விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலே மேடையாகியிருந்தது. குழுவில் இருந்தவர்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள், பெரும்பாலும் ஆண்கள், ஊரை விட்டு வெளியேறி முன்னேறியவர்கள். அறிவொளிப் பெண்கள், பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் முன்னாள் ஆயா, சார் வீடு தேடிச் சென்றும் திரும்பாமல் போனவர்கள் ஆகிய யாரும் அதில் இல்லை. இடத்தேர்வின் பிழையும் அப்போதுதான் புலப்பட்டது. கோயில் மண்டபத்தில் காலனித் தெருவினர் தயங்காமல் வந்து உட்கார்வதில்லை என்பது எங்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும், மின்விசிறியை எண்ணியபோது அது நினைவுக்கு வரவில்லை. சார் எழுதிய புயல் பட்டியல் எந்தத் தெருவிலிருந்து தொடங்கியது என்பதை மேடையில் இருவர் புகழ்ந்து பேசிய அதே மண்டபம் அது.

அன்று எடுத்த முடிவு, அடுத்த கூட்டத்தை முறையான அனுமதி பெற்றுப் பள்ளி மைதானத்தில் பகல் பொழுதில் நடத்துவது. மேடை போடாமல் வட்டமாக உட்கார்வது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்க மட்டும் செய்வது. கடைசி நிபந்தனைக்கு எதிர்ப்பு இருந்தது. விமானக் கட்டணம் கொடுத்து வருகிறவரைப் பேச வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சொன்னோம்; இருவர் வரவில்லை.

குறிப்பேடுகள்

இதற்கிடையே சாரின் மனைவி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட நோட்டுகள் இருந்தன. பள்ளிக்கு நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பட்டியல் அவை. பெயர், தெரு, கடைசியாக வந்த நாள், காரணம், போய்ப் பார்த்த நாள், பேசிய ஆள், திரும்பி வந்த நாள் என்று கோடு போட்ட கட்டங்கள். 'கிடைக்கு விட்டிருக்கிறார்கள்', 'தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை', 'வயதுக்கு வந்துவிட்டது', 'தகப்பன் குடி, வீட்டில் அரிசி இல்லை' என்று காரணக் கட்டங்களில் ஒற்றை வரிகள்.

இங்கேதான் எங்கள் பெரிய தவறு நிகழ்ந்தது. குழு உறுப்பினர் ஒருவர், கண்ணில் நீர் மல்க, ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து முன்னாள் மாணவர் குழுவில் பகிர்ந்தார். உள்நோக்கம் எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் அது வேறு பல குழுக்களுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ஒன்பது பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர்களில் ஒருவர் இன்று பக்கத்து நகரத்தில் மதிப்போடு தொழில் நடத்துபவர். சிறு வயதில் கிடைக்கு அடகு வைக்கப்பட்டதும், தகப்பனாரின் குடியும் அவர் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவை. மறுநாள் இரவு அவர் தொலைபேசியில் அழைத்தார். "சார் எழுதுனது எனக்காக. நீங்க ஊருக்குப் படிச்சுக் காட்டுறது யாருக்காக?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. படத்தை நீக்கச் சொல்லி எல்லாக் குழுக்களுக்கும் செய்தி அனுப்பினோம், நீக்கியவர்கள் நீக்கினார்கள். நானும் படமெடுத்தவரும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். காபி கொடுத்து அனுப்பினார். ஆனால் அதன் பிறகு எங்கள் நிகழ்ச்சி எதற்கும் அவர் வரவில்லை.

அதன் பின் குறிப்பேடுகள் குடும்பத்தின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்றும், பெயர்களை யாரும் படியெடுக்கக் கூடாது என்றும், சாரின் மகளும் ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியரும் மட்டும் படித்துக் காரணங்களையும் திரும்பியவர்களையும் எண்ணிச் சொல்லலாம் என்றும் எழுத்தில் முடிவு செய்தோம். நினைவு மலரில் முகப்புப் படமாகப் போட எண்ணியிருந்த பக்கமும் கைவிடப்பட்டது.

அவர்கள் எண்ணி முடித்துச் சொன்ன ஒரு செய்தி எல்லோரையும் அமைதியாக்கியது. பாதிக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நேரே 'திரும்பி வந்த நாள்' கட்டம் காலியாக இருந்தது. சில வீடுகளுக்கு ஒரே ஆண்டில் நான்கு, ஐந்து முறை போய் வந்த தேதிகள் இருந்தன. கடைசிக் கட்டம் அப்போதும் காலி. தேடிப்போன பிள்ளை எதுவும் திரும்பாமல் இருந்ததில்லை என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியது பொய்யாகிப் போயிற்று. மகள் சொன்னார்: "அப்பா அந்தக் கட்டத்தை வெட்கப்பட்டு மூடலை. நாம ஏன் மூடணும்?"

சிலையும் பெயரும்

பேருந்து நிறுத்தத்தில் மார்பளவுச் சிலை வைக்க வேண்டும் என்பது வெளிநாட்டில் இருந்த மாணவர்களின் உறுதியான விருப்பம். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருப்பதை வழக்கறிஞரான மாணவர் ஒருவர் எடுத்துச் சொன்னார். சட்டத்தோடு பேச்சு முடிந்துவிட்டது என்றாலும், சட்டம் இடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதையும் விவாதித்தோம். கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் தலைவர் சிலைகளை மாவட்டந்தோறும் பார்க்கிறோம். 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்க வேண்டிய நிலை வந்தது. சாதி மோதல்கள்தான் காரணம். முதல் நாளிலேயே சுவரொட்டியில் பட்டம் சேர்த்த ஊரில், கல்லில் வடித்த உருவத்தை யார் காவல் காப்பது என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டும் கோரிக்கையையும் இதே காரணத்தால் கிடப்பில் போட்டோம். இந்த முடிவில் எனக்கு இன்றும் அரைமனம்தான். பெயர் இல்லாத இடத்தில் வேறு பெயர் வந்து உட்காரும்.

பணம் சேர்த்த முறை

எங்கள் பகுதி மொய் விருந்துக்குப் பேர்போனது. ஆடி, ஆவணி மாதங்களில் பத்திரிகை அடித்து, கிடாக் கறி விருந்து வைத்து, வருகிறவர்கள் எழுதும் மொய்யை வாங்கி, பிறகு அவரவர் விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்யும் ஏற்பாடு அது. நோட்டில் எழுதிய மொய் கடன்தான்; திருப்பிச் செய்யாதவனுக்கு ஊரில் முகம் இல்லை. நிதி சேர்க்கும் பேச்சு வந்ததும், அதே முறையில் மேசை போட்டு, நோட்டு வைத்து, ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிக்கலாம் என்றார்கள். பெருந்தொகை சேர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

எதிர்த்தவர் முன்னாள் சத்துணவு ஆயா. வாசித்தால் நூறு ரூபாய் கொடுக்க நினைப்பவர் ஆயிரம் கடன் வாங்கிக் கொடுப்பார் என்றார். சாரிடம் பட்ட கடனை மொய்யாகத் திருப்பித் தீர்த்துவிட்டதாக ஆகிவிடும் என்றும் சொன்னார். ஆகவே தொகையை வாசிப்பதில்லை, மலரில் அச்சிடுவதில்லை, ரசீது மட்டும் தருவது என்று முடிவாயிற்று. ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய் சேர்ந்தது. வாசித்திருந்தால் இரண்டு மடங்கு வந்திருக்கும் என்று பொருளாளர் இன்றும் குறைபட்டுக்கொள்கிறார்.

அறக்கட்டளை: யாருக்குப் பரிசு

பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு ஆண்டுதோறும் பரிசு என்பதே முதலில் எழுதிய திட்டம். எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியர் நினைவாக நடப்பது அதுதான், நடத்துவதும் எளிது. குறிப்பேடுகளைப் படித்த மகள்தான் இதைக் கேள்வி கேட்டார். இருபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளில் ஒரு பக்கத்தில்கூட முதல் மாணவர் பெயர் இல்லை என்றார்.

நீண்ட விவாதத்திற்குப் பின், பொதுத்தேர்வில் தவறிய பிள்ளைகளைத் துணைத் தேர்வு எழுத வைப்பதற்கும், இடையில் நின்றவர்களைத் திரும்ப அழைப்பதற்கும் வட்டித் தொகையைப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. தேர்வுக் கட்டணம் சிறியதுதான். தேர்வு முடிவு வந்த வாரமே தவறிய பையன்கள் திருப்பூருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்களை ஊரில் நிறுத்தி வைக்கும் ஒரு மாதத்துக் கூலி இழப்புதான் உண்மையான செலவு. 7 லட்சத்துக்கு ஏழு விழுக்காடு வட்டி என்று கொண்டாலும் ஆண்டுக்கு 49,000 ரூபாய்தான் வரும். அதற்குள் மாலை வகுப்பு, சாப்பாடு, போக்குவரத்து, சிறு உதவித்தொகை என்று கணக்கிட்டோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவானது. அறங்காவலர் ஐவரில் இருவர் அறிவொளி வகுப்பில் படித்த பெண்கள். பத்திரத்தில் அவர்கள் கையெழுத்திட்டபோது பெருவிரல் மை டப்பாவை அலுவலக உதவியாளர் தானாகவே முன்னே தள்ளினார். அதை அவர்கள் திருப்பித் தள்ளினார்கள்.

மைதானக் கூட்டமும் நினைவு மலரும்

ஆறாம் மாதத்தில் பள்ளி மைதானத்தில் கூட்டம் நடந்தது. வேப்ப மரத்தடியில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். பென்சிலில் எழுதி வந்த அம்மா அதே தாளை முதலில் படித்தார். பிறகு, சார் ஐந்து முறை வீடு தேடி வந்தும் பள்ளிக்குப் போகாத ஒருவர், இப்போது தென்னை ஏறுபவர், பேசினார். ஏன் போகவில்லை என்பதை மட்டும் சொன்னார். இரண்டு நிமிடம்கூட இல்லை. படத்திறப்பில் கேட்ட மூன்றரை மணி நேரப் பேச்சில் தெரியாத சாரை அந்த இரண்டு நிமிடத்தில் கண்டேன்.

மலரில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த மாணவர் கட்டுரைகளோடு ஒன்பது வாய்மொழிக் கூற்றுகளைச் சேர்த்தோம். அவற்றைப் பதிவு செய்து எழுதியபோது நாங்கள் இலக்கணத் தமிழாக்கிவிட்டோம். 'வண்டிய புடிச்சிக்கிட்டே பின்னால ஓடி வந்தாரு, நான் விட்டுட்டேன்னு நெனச்சுத் திரும்புனா ஆளக் காணும், தூரத்துல நின்னு சிரிக்கிறாரு' என்று சொன்ன பெண்ணின் கூற்று, 'அவர் எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்தார்' என்று அச்சாகியிருந்தது. அச்சான பிறகு அவரே படித்துப் பார்த்துவிட்டு, இது நான் சொன்னதில்லை என்றார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பதை அச்சகத்தில் நாங்கள் மறந்திருந்தோம். நன்றாக அமைந்தது ஒன்றுதான்: தம் புகைப்படம் வேண்டாம் என்று சொன்ன சிலருக்குப் படத்திற்குப் பதில் அவர்களின் கையெழுத்தை அச்சிட்டோம்.

மலர் வெளிவந்த மாதம் மகள் எங்களை அழைத்தார். குறிப்பேடுகளை மீண்டும் பார்த்தபோது, பெண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே உள்ள குறிப்புகள் வேறொரு கையெழுத்தில் இருப்பதைக் கவனித்ததாகச் சொன்னார். அது அவருடைய தாயாரின் எழுத்து. பெரியவளான பெண்ணின் வீட்டுக்குள் சென்று பேச ஆண் ஆசிரியரால் முடியாது. அந்த வீடுகளுக்கு ஆண்டுக்கணக்காகப் போனவர் அவர் மனைவிதான். தகரப் பெட்டியை எங்களுக்குத் திறந்து காட்டியதும் அவரே. அவரிடம் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. மலரில் அவரைப் பற்றி இருந்தது, 'அன்னாரின் துணைவியார்' என்ற ஒரு வரி. தனித் தாள் அச்சிட்டு மலருக்குள் வைக்கலாமா என்று கேட்டோம். "அதெல்லாம் வேண்டாம்ப்பா. நோட்டைக் கரையான் அரிக்காம வச்சாப் போதும்" என்றார். மகள் வற்புறுத்திய பிறகு, அறக்கட்டளையின் பெயரில் மட்டும் தம் பெயரும் சேர இசைந்தார்.

விளைவு

முதல் ஆண்டில் பள்ளியில் தவறிய பதினொரு பேரில் மூவர்தான் மாலை வகுப்புக்கு வந்தனர். அறிவிப்புப் பலகையில் 'தேர்வில் தவறியோருக்கான உதவி' என்று எழுதி, பெயர்களையும் ஒட்டியிருந்தோம். குறிப்பேட்டுப் பக்கத்தைப் பகிர்ந்து செய்த தவற்றை வேறு வடிவில் மறுபடி செய்திருக்கிறோம் என்பது ஒரு மாணவியின் தாய் வந்து அந்தத் தாளைக் கிழித்த பிறகே உறைத்தது.

இரண்டாம் ஆண்டில் பலகையை எடுத்துவிட்டோம். அறங்காவலர்களான இரு பெண்களும், தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து வீடுகளுக்குச் சென்றனர். ஒன்பது பேரில் ஆறு பேர் வந்தனர், நால்வர் தேறினர். ஒருவன் பாதியில் திருப்பூர் போய்விட்டான். வீடு தேடிச் சென்ற அந்த இரு பெண்களில் ஒருவர் இப்போதும் அவனோடு தொலைபேசியில் பேசி வருகிறார்.

மாற்ற வேண்டியவை

மறுமுறை இத்தகைய பொறுப்பு வந்தால், முதல் வாரத்தில் கூட்டம் எதையும் திட்டமிடாமல், மறைந்தவருடன் வாழ்ந்தவர்களிடமும் அவரோடு வேலை செய்தவர்களிடமும் உட்கார்ந்து பேசுவதையே செய்வேன். பதினாறாம் நாள் படத்திறப்பு குடும்பத்தின் சடங்காகவே இருக்கட்டும். ஊர்க் கூட்டத்தை ஆறு மாதம் தள்ளி வைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. மறைந்தவரின் எழுத்துகள் கையில் வந்தால், அவற்றில் யாருடைய வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்ப்பேன்; கைப்பேசிகளை வெளியே வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கச் சொல்வேன். வாய்மொழியைச் சொன்ன வடிவிலேயே அச்சிட்டு, அச்சுக்குப் போகும் முன் சொன்னவரிடமே படிக்கக் கொடுப்பேன்.

பத்திரத்தில் சரிசெய்ய வேண்டிய ஒன்று நிலுவையில் இருக்கிறது. வீடு வீடாகச் செல்லும் வேலைக்கு அதில் ஊதியமோ பேருந்துக் கட்டணமோ குறிப்பிடப்படவில்லை. இரு பெண்களும் தம் கைக்காசில் போய் வருகிறார்கள். ஓர் ஆசிரியரின் மனைவி ஆண்டுக்கணக்காகச் செய்து கணக்கில் வராமல் போன அதே வேலை. அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் இதற்கான திருத்தத்தை முன்வைத்திருக்கிறேன். வட்டித் தொகையில் அதற்கு இடமில்லை என்று பொருளாளர் சொல்கிறார்; மாலை வகுப்பின் சாப்பாட்டுச் செலவைக் குறைக்காமல் வேறு வழி காண முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.